இழுக்கவில்லை என்றால் தூக்கிப் போடுவதா?

வயர் இல்லாத வேக்குவம் கிளீனர் தூசியைச் சரியாக இழுக்கவில்லை என்று கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். "பேட்டரி போயிடுச்சு சார், புதுசே வாங்கிடுங்க" என்பார்கள். நரைத்த தலையைக் கண்டால் இந்தப் பதில் இன்னும் சீக்கிரம் வரும். இதை உடனே நம்பக் கூடாது என்பது என் கட்சி.

பேட்டரி தளர்ந்தால் பொதுவாக ஓடும் நேரம்தான் முதலில் குறையும். இருபது நிமிடம் ஓடியது பத்து நிமிடத்தில் நின்றுவிடும். வழக்கமான நேரம் ஓடியும் இழுவை மட்டும் இல்லையென்றால், பெரும்பாலும் காற்று போகும் வழியில் எங்கோ அடைப்பு.

அதை நாமே கண்டுபிடிக்கலாம். மெஷினை நிறுத்தி, குழாயையும் பிரஷ்ஷையும் கழற்றுங்கள். பிறகு ஓடவிட்டு அதன் வாயில் உள்ளங்கையை வையுங்கள். நன்றாக இழுத்தால் அடைப்பு குழாயிலோ பிரஷ்ஷிலோ இருக்கிறது. குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். பிரஷ் உருளையில் நூல்கண்டு மாதிரி தலைமுடி சுற்றியிருக்கும். கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள்.

கையை இழுக்கவில்லையா? தூசி டப்பா நிறைந்திருக்கும், அல்லது ஃபில்டர் அடைத்திருக்கும். கோலமாவு, விபூதி, சுண்ணாம்புத் தூள் எல்லாம் ஃபில்டருக்கு எமன். கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் வெறும் தண்ணீரில் அலசி, ஒரு முழு நாள் காயவிட்டு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் நாற்றமடிக்கும், மோட்டாரும் கெடும்.

சரி, பேட்டரியேதான் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆனபின் தளர்வது இயற்கை. டயர் தேய்ந்தால் காரையா மாற்றுகிறோம்? பேட்டரியையும் ஃபில்டரையும் தனியாக விற்பது தயாரிப்பவரின் கடமை. குனிந்து பெருக்க முடியாமல்தான் பென்ஷன் பணத்தில் இதை வாங்குகிறோம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிது வாங்க எத்தனை பேரால் முடியும்?

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. உதிரிபாகம் தராமல் அலைக்கழித்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

அடுத்த முறை கடைக்குப் போனால், விலையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: "இதுக்கு பேட்டரியும் ஃபில்டரும் தனியா கிடைக்குமா?" பதில் இழுத்தால், நடையைக் கட்டுங்கள்.