சாலையோர நட்சத்திரம்



டிசம்பர் குளிர் வந்துவிட்டது. சாயங்காலம் எங்கள் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் நடந்தால், கடை வாசல்களில் சிவப்பும் மஞ்சளுமாக நட்சத்திரங்கள் தொங்குகின்றன. புனித மிக்கேல் பேராலயம் இருக்கும் பெரிய கடைவீதிப் பக்கம் போனால் கூட்டம் இன்னும் அதிகம். எந்தப் பண்டிகை கொண்டாடுகிற வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, ஒருநாள் அம்மா அப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது!

ஜெர்மனியில் இதற்கென்றே திறந்தவெளிச் சந்தை கூடுகிறது. டிரெஸ்டன் நகரச் சந்தை 1434-ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது ஒரே ஒரு நாள்தான். இப்போது கிறிஸ்துமஸுக்கு முன் பல வாரங்கள் நடக்கிறது. கை விறைக்கிற குளிரில், சின்னச் சின்ன மரக்கடைகளில் பொம்மையும் ரொட்டியும் விற்கிறார்கள். பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய சூடான பழரசம் குழந்தைகளுக்குக் கிடைக்கும். கோப்பைக்குத் தனியாக முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ்! நம் ஊர்த் திருவிழாக்களிலும் இப்படிச் செய்தால் தெருவெல்லாம் காகிதக் கப் கிடக்காதே.

அந்தச் சந்தைகளில் தொங்கும் ஒருவகைக் காகித நட்சத்திரம் எங்கே பிறந்தது தெரியுமா? அதே ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊர்ப் பள்ளியில், 1830களில், வடிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் செய்ததாம். கணக்கு டீச்சராக இருந்த எனக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும்.

நட்சத்திரம் என்றாலே என் மாணவன் ஒருவன் ஞாபகமும் வந்துவிடும். ஆறாம் வகுப்பு. ஒரு டிசம்பர் மாதம் முழுக்க வகுப்பில் தூங்கி வழிந்தான். "ராத்திரியெல்லாம் டி.வி. பார்த்தாயா?" என்று திட்டி நிற்க வைத்தேன். பதில் பேசாமல் நின்றான்.

அந்தச் சனிக்கிழமை சாலையோரத்தில் ஒரு நட்சத்திரம் வாங்கினேன். நாற்பது ரூபாய் என்றதை முப்பதுக்குப் பேசி முடித்தேன். அப்போதுதான் பார்த்தேன். கடைக்காரருக்குப் பின்னால் சாக்கின் மேல் உட்கார்ந்து, நட்சத்திரங்களுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தவன் அவன்!

சட்டென்று எழுந்து, "எங்க டீச்சருங்கப்பா, இருபத்தஞ்சுக்கே குடுங்க" என்றான்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கார்த்திகைக்கு அகல் விளக்கு, அப்புறம் நட்சத்திரம், பொங்கலுக்குக் கோலப்பொடி. அதுதான் அவர்கள் பிழைப்பு. "ஒரு மழை வந்தாப் போதுங்க, தாளெல்லாம் ஊறிப் போயிரும். விக்காதது அடுத்த வருசத்துக்குத்தானுங்க" என்றார் அப்பா. தினமும் கடை கட்ட ராத்திரி பதினொரு மணி ஆகுமாம்.

பெரிய கடையில் விலைச்சீட்டைப் பார்த்து வாய் திறக்காமல் பணம் கொடுக்கிறோம். தெருவில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். இது என்ன நியாயம்? இந்த வாரம் கடைவீதிக்குப் போகிறபோது வீட்டுப் பெரியவர்கள் பேரம் பேசினால், இந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள். டீச்சர் சொன்னார்கள் என்று சொல்லுங்கள், பரவாயில்லை!

நான் நாற்பது ரூபாயையும் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை அவன் மறுபடியும் வகுப்பில் தூங்கினான். நான் எழுப்பவில்லை.