தனி மேடை பிரிவினையா?

கலைக்கு நிறமில்லை, திறமை ஒன்றே அளவுகோல் என்று உரைப்பார் உளர். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும், அதனைச் சொல்வோர் எந்த மேடையின்மீது நின்று சொல்கின்றனர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன் இனத்தாரின் வாழ்வே தலைமுறை தலைமுறையாக நாடகமாகி வரும் மேடையில் நிற்பவனுக்கு நிறம் தோன்றாது. அதே மேடையில் ஏவலாளாகவும் கோமாளியாகவுமே இடம் பெற்றவனுக்கோ நிறத்தைத் தவிர வேறொன்றும் தோன்றாது. நியூயார்க் நகரின் 'நீக்ரோ என்சம்பிள் கம்பெனி' என்னும் நாடகக் குழுவின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

1965ஆம் ஆண்டில் டக்ளஸ் டர்னர் வார்ட் என்னும் கறுப்பின நாடக ஆசிரியர், ஓர் ஊரின் கறுப்பின மக்கள் அனைவரும் ஒருநாள் காணாமற்போவதாக ஒரு நாடகம் எழுதினார். வெள்ளையரின் அடுப்பும் தொட்டிலும் தொழிற்கூடமும் ஒருங்கே செயலற்றுப் போகின்றன. அவ்வெள்ளையராக நடித்தவர்கள் முகத்தில் வெண்பூச்சுப் பூசிய கறுப்பின நடிகர்களே! மறு ஆண்டில், அமெரிக்க நாடக அரங்கு வெள்ளையருக்கு மட்டுமே உரியதோ என நாளிதழ் ஒன்றில் அவர் வினா எழுப்பினார். அதன் விளைவாக ஃபோர்டு அறநிறுவனத்தின் பொருளுதவி கிட்டியது. ராபர்ட் ஹூக்ஸ், ஜெரால்ட் குரோன் ஆகிய இருவரோடும் இணைந்து 1967இல் அவர் இக்குழுவை நிறுவினார்.

உடனே கணைகள் பாய்ந்தன. 'இது பிரிவினை' என்றனர் ஒரு சாரார். 'வெள்ளையர் பணமா? ஹார்லெமை விட்டு வேறிடத்தில் அரங்கா? நீக்ரோ என்னும் பழம்பெயரா?' என்று கறுப்பினத்தாரே சிலர் சாடினர். குழுவினர் செயலால் விடையிறுத்தனர். 1968ஆம் ஆண்டில் மட்டும் போர்த்துகீசியக் குடியேற்ற ஆட்சியைச் சாடும் பீட்டர் வைஸின் நாடகமும், ஆஸ்திரேலியரான ரே லாலரின் நாடகமும், நைஜீரியரான வொலே சொயிங்காவின் நாடகமும் அங்கு அரங்கேறின. உலகத்தையே தம் மேடைக்கு அழைத்தோரையா பிரிவினையாளர் என்பது?

பொருள்முடை நேர்ந்தபோதும் குழு ஓய்ந்துவிடவில்லை. நிரந்தர நடிகர் குழுவைக் கலைத்துவிட்டு ஆண்டுக்கு ஒரே புதிய நாடகம் என்று சுருங்கிய நிலையிலேதான், 1972இல் ஜோசப் வாக்கரின் 'நைஜர் ஆறு' அரங்கேறியது. அது பிராட்வேக்குச் சென்று, 1974இல் சிறந்த நாடகத்திற்கான டோனி விருதையும் வென்றது.

1981இல் சார்ல்ஸ் ஃபுல்லரின் 'ஒரு படைவீரனின் நாடகம்' அங்கு அரங்கேறியது. பின்னாளில் உலகறிந்த டென்சல் வாஷிங்டனும் சாமுவேல் ஜாக்சனும் அதில் நடித்தனர். படைமுகாம் ஒன்றில் கறுப்பினச் சார்ஜன்ட் ஒருவர் கொலையுறுகிறார். ஐயம் வெள்ளையர்மீது எழுகிறது. கொன்றவனோ கறுப்பின வீரன். தன் இனத்தையே வெறுக்கப் பழகிவிட்ட மனத்தின் நோயை அந்நாடகம் அஞ்சாது திறந்து காட்டியது. பிறர் மேடையில் இதனைச் சொல்லியிருந்தால் பழிப்பாகியிருக்கும். தம் மேடையில் சொன்னதால் அது மருந்தாயிற்று. தனி மேடை தற்புகழ்ச்சிக்கே உரியது என்போர் இதனை உணர்வாராக!

1982இல் புலிட்சர் பரிசு பெற்ற அந்நாடகம் பிராட்வேயில் ஏறிய ஆண்டு 2020. இடையே கழிந்தவை முப்பத்தெட்டு ஆண்டுகள்! பெருமேடையின் கதவு திறக்கட்டும் என்று ஃபுல்லர் காத்திருந்தால், ஒரு தலைமுறை அந்நாடகத்தைக் காணாமலே மூத்திருக்கும்.

வட்டார அரங்குகளின் கூட்டமைப்பில் உள்ள 66 அரங்குகளுள் ஒன்றே கறுப்பினத்தாருடையது என 1996இல் ஆகஸ்ட் வில்சன் சுட்டிக்காட்டினார். அவர் வேண்டுவது பிரிவினையே எனத் திறனாய்வாளர் ராபர்ட் புருஸ்டீன் எதிர்த்தார். அறுபத்தாறில் அறுபத்தைந்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டோர், எஞ்சிய ஒன்றைக் காட்டிப் பிரிவினை என்பது என்ன நீதி?

அழைப்பில்லாத பந்தியில் இலைக்காகக் காத்திருப்பதினும் தன் வீட்டில் உலை வைப்பதே மேல். இலக்கியம் பயிற்றுவோர் நாடகத்தின் சுவையோடு, அது யாருடைய மேடை என்னும் வினாவையும் சேர்த்தே பயிற்றுதல் வேண்டும். மேடை உண்டாயின் எழுத்தாளன் தோன்றுவான். எழுத்தாளன் தோன்றினால் இனம் தன் முகத்தைத் தானே காணும்.