படம் சொல்வதும் சொல்லாததும்



சென்ற மாதம் பேசாலையிலிருந்து ஓர் அக்கா என்னைத் தேடி வந்தார். 2009இல் பட்ட செல் துண்டொன்று அவரது முதுகுப் பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே இன்னும் இருக்கிறது. கருவாட்டுக் கூடையைத் தூக்கினால் வலி. கிளினிக்கில் சி.ரி. ஸ்கேன் எடுத்து, படங்களை ஒரு சீடியில் கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி அதைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முப்பரிமாணப் படமாகச் செய்வித்து போனுக்கு அனுப்பியிருந்தார்.

அழகான படம். எலும்பு வெள்ளை, சிறுநீரகம் சிவப்பு, செல் துண்டு மஞ்சள். துண்டுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி.

"பார் தங்கச்சி, தள்ளித்தானே கிடக்குது? பயப்படாமல் ஒப்பரேசன் செய்து எடுக்கலாம்தானே?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த கிளினிக்குக்கு இருவருமாகப் போனோம். டொக்டர் வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டு, கணினியில் மூல ஸ்கேனைத் திறந்தார். பாணைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியது போலக் கறுப்பு வெள்ளைப் படங்கள். செல் துண்டு இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் சிதறிக் கிடந்தன.

"இந்த இடத்தில் சிறுநீரகத்தின் ஓரம் எனக்கே தெரியவில்லை அம்மா. உங்கள் படத்துக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?" என்றார் டொக்டர்.

அந்தக் கேள்விக்கான விடையைத்தான் இந்த மாதம் எழுத நினைத்தேன்.

1895இல் ரொண்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே படம் எடுத்தபோது, எலும்புகளோடு விரலில் இருந்த மோதிரமும் தெளிவாகத் தெரிந்தது. உலோகம் எக்ஸ்ரே கதிரைத் தடுத்துவிடும் என்பதே காரணம். 1971இல் இலண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு எடுக்கப்பட்ட சி.ரி. ஸ்கேனும் எக்ஸ்ரே கதிரால் ஆனதுதான். உடம்பைச் சுற்றிப் பல பக்கமிருந்து கதிரை விட்டு, உள்ளே இருப்பதைக் கணினி கணக்கிடுகிறது. நடுவில் உலோகம் கிடந்தால் அந்தக் கணக்குக் குழம்பும். நாங்கள் பார்த்த கோடுகள் அந்தக் குழப்பமே.

வண்ணப் படம் இந்தத் துண்டங்களை வைத்தே செய்யப்படுகிறது. முன்னர் ஒவ்வொரு துண்டத்திலும் உறுப்பின் ஓரத்தைக் கையால் கீற வேண்டும். இப்போது ஓரம் குறிக்கப்பட்ட ஏராளமான ஸ்கேன்களைக் காட்டிக் கணினியைப் பழக்குகிறார்கள். சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக வைத்தியசாலையினர் 2023இல் வெளியிட்ட ஒன்று 1204 ஸ்கேன்களைக் கொண்டு உருவானது. எலும்பு, ஈரல், இரத்தக் குழாய் என 104 பகுதிகளைத் தானே பிரித்துக் காட்டும். பெரும்பாலும் நன்றாகவே செய்யும்.

ஆனால் ஓரம் தெரியாத இடத்திலும் அது கோடு கீறும். வழக்கமாக மற்ற உடம்புகளில் எப்படி இருந்ததோ அப்படிக் கீறிவிடும். செல் துண்டு சுமக்கும் எங்களைப் போன்ற உடம்புகளை அது எத்தனை பார்த்திருக்கும்?

தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளை நினைத்துப் பாருங்கள். சோளகத்தில் ஒரு மாதிரி, வாடையில் ஒரு மாதிரி மணல் நகரும். வரைபடத்தில் கரை அழுத்தமான கோடாக இருக்கிறது என்பதற்காக எந்தக் கடற்றொழிலாளியும் கண்ணை மூடிக்கொண்டு வள்ளத்தை விடமாட்டார்.

இந்தச் சந்தேகத்தைப் படத்திலேயே காட்டுவதற்கு வழிகள் உண்டு. ஒரே ஸ்கேனைப் பல விதமாகப் பழக்கிய கணினிகளிடம் கொடுத்து, எல்லாம் ஒத்துப்போகும் இடத்தை அழுத்தமாகவும், முரண்படும் இடத்தை மங்கலாகவும் தீட்டலாம். அல்லது உறுப்புக்கு இரண்டு ஓரம் கீறலாம்: குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று. வைத்தியர்களும் எப்போதும் ஒரே கோட்டைக் கீறுவதில்லை. அமெரிக்காவில் 1018 நுரையீரல் ஸ்கேன்களை நான்கு நான்கு வைத்தியர்கள் பார்த்துக் குறித்த தொகுப்பொன்று இருக்கிறது. கருத்து மாறிய இடங்களை ஒன்றாக்கிவிடாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

மங்கலாகத் தீட்டிய படத்தையும் முழுதாக நம்ப முடியாது. கணினி சில வேளை உறுதியாகவே பிழை விடும். ஆகவே மூல ஸ்கேன் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2018இல் மன்னார் நகரில் சதொச வளவில் தோண்டப்பட்ட மனிதப் புதைகுழியை நாம் மறக்கவில்லை. எலும்பு மாதிரிகளை அமெரிக்க ஆய்வுகூடமொன்று பார்த்து, 2019இல் விடை சொன்னபோது ஓர் ஆண்டைச் சொல்லவில்லை. நூற்றாண்டுகள் அகலமான ஒரு கால எல்லையைச் சொன்னது. காணாமல் போனோரின் உறவுகள் பலர் அந்த விடையை ஏற்கவில்லை. ஆனாலும் விடையின் அகலம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. கேள்வி கேட்பவருக்கு அது ஒரு பிடி. வழுவழுப்பான வண்ணப் படம் அந்தப் பிடியைத் தருவதில்லை.

உடம்பில் செல் துண்டோ ரவையோ உள்ள சகோதரிகள் இவற்றைக் கவனத்தில் வையுங்கள்:

பழைய எக்ஸ்ரே படங்களை எறியாதீர்கள். கிளினிக் கொப்பியோடு கொண்டு போங்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றால், உலோகம் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அது பெரிய காந்தம்; சில உலோகத் துண்டுகள் உள்ளே அசையக்கூடும்.

வண்ணப் படம் காட்டினால், "இது எடுத்த படமா, கணினி செய்த படமா? இதில் எந்த இடம் நிச்சயமில்லை? அதை அறிய வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அக்காவுக்கு டொக்டர் வேறொரு ஸ்கேனுக்கும், சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்திக்கவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒப்பரேசனா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. வரும்போது பஸ்ஸில் அக்கா அந்தப் படத்தைப் போனில் திரும்பவும் எடுத்துப் பார்த்தார்.

"அழிக்கட்டோ தங்கச்சி?" என்றார்.

"வேண்டாம் அக்கா, வைத்திருங்கோ. அடுத்த முறை நிபுணரிட்டயும் காட்டி, எந்தப் பக்கம் நிச்சயமில்லை எண்டு கேட்பம்" என்றேன்.