சாணி அள்ளுவது யார்?

முதுமை மறதிநோய் ஆய்வுகளில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இன்று இடமுண்டு. முதியோர் இல்லங்களுக்கு நாய்களை அழைத்துச்சென்று பழகவிடுகிறார்கள். ஜப்பானில் உருவான 'பாரோ' என்ற சீல்குட்டி வடிவ இயந்திர பொம்மையை மடியில் வைத்துத் தடவச் சொல்கிறார்கள். 2019இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 305 பேர் பங்கேற்ற 9 ஆய்வுகளைப் பரிசீலித்து, மனச்சோர்வு சற்றே குறையலாம் என்றது. அதற்கும் சான்று வலுவாக இல்லை.

நோயாளியை அளந்தார்கள், சரி. பார்த்துக்கொள்பவரிடம் யாரேனும் கேட்டார்களா என்பதே எங்கள் கேள்வி.

கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் 'பெட்' என்ற சொல்லுக்குப் பெரிய வேலை இல்லை. வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் பெயர் உண்டு, உரிமையாளர் கிடையாது. மாடும் ஆடும் பிழைப்பு. புவனகிரிக்கு அருகில் மாமியாரைப் பராமரிக்கும் பெண்மணி ஒருவரிடம் பேசினோம். மாட்டை விற்று ஆறு வருடமாகிறது. பேரப்பிள்ளைகளின் பெயர்களை மறந்துவிட்ட அந்த அம்மாள், பொழுது சாய்ந்தால் செம்பை எடுத்துக்கொண்டு காலிக் கொட்டகைக்குப் போய்விடுகிறார். "ஒரு மாடு வாங்கிக் கட்டினா அத்தை அமைதியாயிடுவாங்கதான். சாணி யார் அள்ளுறது?" என்றார் மருமகள். அவர் கண்டுபிடித்த வழி, அத்தையைக் கைபிடித்துப் பக்கத்து வீட்டுக் கறவைக்கு அழைத்துப்போவது. (இதை எந்த ஆய்வேடும் 'தலையீடு' என்று பதிவுசெய்ததாகத் தெரியவில்லை!)

கடலூர் முதுநகரில் ஒரு மகன், தெருநாய்களுக்கு பிஸ்கட் போடும் தந்தையின் கால்களை இரவுதோறும் டார்ச் அடித்துப் பார்க்கிறார். நாய் கடித்தால் உடனே தடுப்பூசி போடவேண்டும். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது. கடிபட்டதே நினைவில்லாதவர் யாரிடம் சொல்வார்? அதற்காக நாய்களை விரட்டவும் அவருக்கு மனமில்லை. அப்பா சிரிப்பது அப்போதுதான்.

நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவே அவர்களைப் பற்றியது என்ற குறையைப் பெயரிலேயே தாங்கி 1998இல் தோன்றியது '10/66' குழு. சென்னையிலும் வேலூரிலும் அது வீடுவீடாகப் போய்க் கேட்டது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. அவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்கள்தான்.

அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிராணிகளை வைத்து இங்கே ஆய்வு நடந்தால் வரவேற்போம். ஆனால் ஒப்புதல் படிவத்தில் மருமகளும் கையெழுத்திட வேண்டும். தீவனச் செலவும் அவர் செலவிடும் மணிநேரமும் கணக்கில் ஏறவேண்டும். ஆய்வு முடிந்து நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபின், அது எங்கே என்று மாலைதோறும் கேட்கப்போகும் முதியவருக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.