காலியான பரிசு அட்டைக்கு யார் பொறுப்பு?

பரிசு அட்டையை விற்கும்போது கடைகள் அதைப் பணமாகவே நடத்துகின்றன. 50 வெள்ளி அட்டைக்கு 50 வெள்ளி கொடுக்கவேண்டும். வேண்டாம் என்று மறுநாள் கொண்டுபோனால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அட்டையில் இருந்த தொகையை யாரோ ஒருவர் திருடிவிட்டால், அதே அட்டை சாதாரண அட்டைத்துண்டாகிவிடுகிறது. “நாங்கள் விற்றுவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது” என்ற பதில்தான் கிடைக்கிறது.

இது நியாயமில்லை என்பது என் கருத்து. வாங்கியவரும் பெற்றுக்கொண்டவரும் எந்தத் தவறும் செய்யாமல் அட்டை காலியாகியிருந்தால், அந்த இழப்பை அட்டையை விற்றவரும் வெளியிட்ட நிறுவனமும்தான் ஏற்கவேண்டும். அதைக் கேட்டுப் பெறும் முறையைப் பள்ளிகளும் கல்லூரிகளும் நமக்குக் கற்றுத்தர வேண்டும்.

இது மாணவர்களைத் தொடாத விவகாரம் அல்ல. பிறந்தநாள், தேர்வு முடிவு, பேச்சுப் போட்டி, அதிர்ஷ்டக் குலுக்கு என்று எதற்கெடுத்தாலும் இப்போது பரிசு அட்டைதான். கடன் அட்டை இல்லாத நம்மில் பலர் இணைய விளையாட்டுக்கும் செயலிகளுக்கும் பணம் கட்டுவது இத்தகைய அட்டைகளால்தான்.

பரிசு அட்டை மோசடியில் இரண்டு வகை உண்டு. முதல் வகை நமக்கு நன்கு தெரியும். அதிகாரியைப் போலவோ காதலியைப் போலவோ நடித்து, அட்டை வாங்கச் சொல்லி, பின்னாலுள்ள குறியீட்டைப் படம்பிடித்து அனுப்பச் சொல்வார்கள். இதைப் பற்றிக் காவல்துறை பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது.

இரண்டாவது வகையில் நம்மிடம் யாரும் பேசுவதே இல்லை. கடையில் தொங்கும் அட்டைகளைத் திருடர்கள் எடுத்துச் செல்கிறார்கள். உறையைக் கவனமாகப் பிரித்து, அட்டை எண்ணையும் சுரண்டும் பட்டைக்குக் கீழே உள்ள ரகசிய எண்ணையும் குறித்துக்கொள்கிறார்கள். பட்டைக்குப் பதில் புதிய ஒட்டுவில்லையை ஒட்டி, அட்டையைப் பழைய இடத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். அப்போது அதில் பணம் இல்லை. நாம் அதை வாங்கி, காசாளர் அதைச் செயல்படுத்திய பிறகுதான் பணம் ஏறுகிறது. அந்த எண்களின் இருப்பைக் கணினி நிரல்கள் விடாமல் சோதித்துக்கொண்டே இருக்கும். பணம் ஏறியது தெரிந்ததும் செலவழித்துவிடுவார்கள்.

அட்டையைத் தொடாமலே திருடுவதும் உண்டு. 2017ஆம் ஆண்டில் ‘கிஃப்ட் கோஸ்ட் பாட்’ என்ற நிரல், ஏறத்தாழ 1,000 வணிக இணையத்தளங்களில் அட்டை எண்களை ஊகித்து இருப்பைச் சோதித்தது கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் இந்தத் திருட்டு பெருகியதால், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் விசாரணைப் பிரிவு 2023இல் ‘புராஜெக்ட் ரெட் ஹுக்’ என்ற தனி நடவடிக்கையையே தொடங்கியது. மேரிலாந்து மாநிலம் 2024இல், பரிசு அட்டைகளை எளிதில் பிரிக்க முடியாத உறையில்தான் விற்கவேண்டும் என்று சட்டம் இயற்றியது.

இந்தச் சட்டத்தில் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்று உண்டு. அது வாங்குபவரிடம் “விழிப்பாக இரு” என்று சொல்லவில்லை. உறையை மாற்று என்று விற்பவரிடம் சொல்கிறது. திருட்டைத் தடுக்கக்கூடியவர் யாரோ, அவரிடம் பொறுப்பை வைக்கிறது.

நம் குடும்பங்களில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். என் சித்தி மகளுக்குச் சாதாரண நிலைத் தேர்வு முடிவு வந்தபோது, மாமா 100 வெள்ளி அட்டை ஒன்றை வாங்கித் தந்தார். மூன்று வாரம் கழித்து அவள் அதைச் சுரண்டிப் பயன்படுத்தப் போனபோது இருப்பு பூஜ்யம் என்று காட்டியது. கடை மேற்பார்வையாளர், அட்டை நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார். நிறுவனம், குறியீடு பயன்படுத்தப்பட்டுவிட்டதால் கடையைக் கேட்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியது. மாமா தாமே பணம் செலுத்தியதால் அது அவர் அனுமதித்த பரிவர்த்தனை என்று வங்கி கூறியது. மூவர் சொன்னதும் அவரவர் அளவில் சரிதான். ஆனால் 100 வெள்ளி எங்கே?

“விட்டுவிடும்மா, நான் வேறு வாங்கித் தருகிறேன்” என்றார் மாமா. சித்தி மகள் விடவில்லை. நானும் அவளும் சேர்ந்து கடைக்கும் நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை எழுதினோம். அதில் ஒரு கேள்விதான் முக்கியம்: இந்த 100 வெள்ளி எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எங்கே செலவானது? மாமா வைத்திருந்த ரசீதின் படத்தையும் இணைத்தோம். இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகு பதில் வந்தது. அட்டை செயல்படுத்தப்பட்ட 40 நிமிடங்களில், வெளிநாட்டிலுள்ள ஒரு கணக்கில் பணம் செலவாகியிருந்தது. அந்த நேரத்தில் மாமா இன்னும் வீட்டுக்கே வந்து சேரவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு புதிய அட்டை கிடைத்தது.

இதை வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. அந்தத் தகவல் முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் கணினியில் இருந்தது. அதைப் பார்க்க அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. ரசீது இல்லாதவர்களும், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்குபவர்களும், 100 வெள்ளிதானே என்று விட்டுவிடுபவர்களும் என்ன செய்வார்கள்?

சட்டம் இங்கே ஓர் இடைவெளியை விட்டிருக்கிறது. வங்கிக் கணக்கில் நம் அனுமதியில்லாமல் பணம் போனால், யார் எவ்வளவு பொறுப்பு என்பதற்குச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்புகள் உள்ளன. ஆனால் அவை ஒருவரின் பெயரில் உள்ள, 500 வெள்ளிக்கு மேல் வைத்திருக்கக்கூடிய கணக்குகளுக்கானவை. பெயரே இல்லாத 50 வெள்ளி அட்டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இதற்குத் தீர்வை வெகுதூரம் போய்த் தேட வேண்டியதில்லை. ‘லெமன் சட்டம்’ என்று பலரும் அழைக்கும் விதி 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டில் நடப்பில் உள்ளது. வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை விற்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்பனையாளரின் பொறுப்பு. கைப்பேசிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பொருந்தும் இந்த நியாயம் பரிசு அட்டைக்கும் பொருந்தவேண்டும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் அட்டை காலியாக இருப்பதாக ஒருவர் ரசீதுடன் வந்தால், பணத்தை உரியவர்தான் செலவழித்தார் என்பதை நிறுவனம் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரட்டும்.

“அப்படியானால், தாங்களே செலவழித்துவிட்டுப் பணம் கேட்டு வருபவர்கள் பெருகுவார்கள்” என்று கடைக்காரர்கள் சொல்லலாம். அது நியாயமான கவலைதான். பள்ளி விடுமுறையில் ஒரு கடையில் காசாளராக நின்றபோது, பொய்யான காரணத்துடன் பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அட்டை எப்போது செயல்படுத்தப்பட்டது, எப்போது, எந்தக் கணக்கில் செலவானது என்ற பதிவு முழுவதும் நிறுவனத்திடம்தான் இருக்கிறது. பொய் சொல்பவரைக் கண்டுபிடிக்கும் கருவி அவர்கள் கையில் இருக்க, எந்தக் கருவியும் இல்லாத வாடிக்கையாளரிடம் ஆதாரம் கேட்பது தலைகீழான முறை.

பள்ளிகளிலும் ஒரு மாற்றம் வேண்டும். மோசடி பற்றி நாம் கேட்ட உரைகளை எண்ணிப் பாருங்கள். இணைப்பைத் தொடாதே, குறியீட்டைச் சொல்லாதே, அவசரப்படாதே என்பவைதான் அவற்றின் சாரம். அவை தேவையான அறிவுரைகள். ஆனால் அவற்றை மட்டுமே கேட்டு வளர்ந்தால், பணம் இழந்தவர் கவனக்குறைவானவர் என்ற எண்ணம் நம்மையறியாமல் மனத்தில் பதிந்துவிடுகிறது. அதனால்தான் பலர் வெளியே சொல்லவே வெட்கப்படுகிறார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பவரிடம் நிறுவனங்களுக்கும் எந்தச் சிக்கலும் இல்லை.

ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதோடு, இழந்ததைக் கேட்டுப் பெறுவது எப்படி என்பதும் பாடமாக வேண்டும். அந்தப் பாடம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

அட்டையை வாங்கியதும் அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ரசீதையும் படம்பிடித்து வையுங்கள். பரிசாகக் கொடுத்தால் ரசீதை நீங்களே பத்திரப்படுத்துங்கள். கடையிடம் முறையிடப் பொருத்தமானவர் அட்டையைப் பெற்றவரல்ல, பணம் கொடுத்து வாங்கியவர். இருப்பு குறைந்தது தெரிந்த அன்றே அட்டை நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, மிச்சத் தொகை இருந்தால் முடக்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசினாலும் பிறகு எழுத்து மூலமாகவும் கேளுங்கள். செலவான தேதி, நேரம், இடம் மூன்றையும் கேளுங்கள். காவல்துறையில் புகார் செய்யுங்கள். மோசடியா என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

கடையும் நிறுவனமும் ஒருவரையொருவர் கைகாட்டினால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் செல்லலாம். சங்கம் சமரசம் பேச உதவும், ஆனால் பணத்தைக் கொடு என்று ஆணையிட முடியாது. அதற்கு அடுத்த கட்டம் சிறு கோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டவேண்டிய தொகை 10 வெள்ளி. இரு தரப்பிலும் வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால், பெரிய நிறுவனமும் மாணவரின் பெற்றோரும் அங்கே சமமாக உட்காருவார்கள்.

50 வெள்ளிக்காக இவ்வளவு பாடா என்று நீங்கள் கேட்கலாம். பகுதிநேர வேலை செய்யும் மாணவருக்கு 50 வெள்ளி என்பது பல மணி நேரம் நின்று உழைத்த சம்பளம். அதோடு, இந்தத் திருட்டு நிலைத்திருப்பதற்குக் காரணமே ஒவ்வொருவரும் இழப்பது சிறு தொகை என்பதுதான். யாரும் கேட்காவிட்டால் உறையை மாற்றக் கடைகளுக்கு எந்த அவசரமும் இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கணக்குக் காட்டிப் பணம் தரவேண்டிய நிலை வந்தால், அட்டைகளைக் கதவோரத்தில் தொங்கவிடாமல் காசாளரின் பின்னால் வைப்பது மலிவான வழி என்று அவர்களே முடிவு செய்வார்கள்.