நியூட்ரினோ பயிரைக் கருக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இருந்து வந்த மூன்று கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. மூன்றுமே சூரியனையும் நியூட்ரினோவையும் பற்றியவை.

"நியூட்ரினோ வந்தால் தென்னை, மா எல்லாம் கருகிவிடும், கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா?"
– தென்னை விவசாயி, ராஜபாளையம்

உண்மை இல்லை. நியூட்ரினோ புதிதாக வரப்போகும் பொருள் அல்ல. சூரியனில் இருந்து அது எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு நொடிக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் பாய்கின்றன. முதல் சப்பட்டை மாங்கன்று நட்ட காலத்திலும் இப்படித்தான் பாய்ந்தன.

அதற்கு மின்சாரத் தன்மை கிடையாது, எடையும் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. அதனால் இலை, மண், பாறை, உடம்பு எதிலும் அநேகமாக முட்டாமல் வெளியேறிவிடும். ராத்திரியில் சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதும், பூமியைத் துளைத்துக்கொண்டு காலடி வழியாக மேலே போகிறது. முட்டாத பொருள் எதையும் கருக்க முடியாது.

"சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது என்று பாடத்தில் இருக்கிறது. அங்கே யாரும் போக முடியாதே, எப்படித் தெரிந்தது?"
– பிளஸ் டூ மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்

நல்ல கேள்வி. இதற்குச் சாட்சி சொன்னதே நியூட்ரினோதான்.

அடுப்பில் விறகு எரிவது போல் சூரியன் எரியவில்லை. அப்படி எரிந்தால் சில ஆயிரம் வருஷத்தில் தீர்ந்துபோயிருக்கும். நடுப்பகுதியில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்தில் நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கரு ஆகின்றன. இதுதான் அணுக்கரு இணைவு. ஆயிரம் கிலோ ஹைட்ரஜன் போட்டால் 993 கிலோ ஹீலியம்தான் கிடைக்கும். குறைந்த ஏழு கிலோவே ஒளியாகவும் வெப்பமாகவும் வருகிறது. இப்படி நொடிக்கு சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் செலவாகிறது.

அங்கே பிறந்த ஆற்றல் வழியெல்லாம் முட்டி மோதித்தான் சூரியனின் மேற்பரப்புக்கு வரும். அதற்கே பல்லாயிரம் வருஷம் பிடிக்கும். இன்று நெல் வயலில் விழும் வெயில், அவ்வளவு காலத்துக்கு முன்பு உள்ளே உண்டானது. ஆனால் கூடவே பிறக்கும் நியூட்ரினோ இரண்டே நொடியில் சூரியனை விட்டு வெளியேறி, எட்டு நிமிஷத்தில் பூமிக்கு வந்துவிடும். உள்ளே இப்போது என்ன நடக்கிறது என்பதை அதுதான் சொல்லும்.

1960-களின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி ரே டேவிஸ், ஒரு தங்கச் சுரங்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் 3.8 லட்சம் லிட்டர் டிரை கிளீனிங் திரவத்தை ஒரு தொட்டியில் நிரப்பினார். விண்வெளியில் இருந்து வரும் மற்ற கதிர்களைப் பாறை வடிகட்டிவிடும் என்பதால்தான் அந்த ஆழம். நியூட்ரினோ வந்தது. ஆனால் கணக்குப் போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் சிக்கியது.

இந்தப் புதிர் தீர முப்பது வருஷம் ஆனது. கனடாவில் ஒரு நிக்கல் சுரங்கத்தில் ஆயிரம் டன் கனநீரை வைத்துச் செய்த ஆய்வு, 2001, 2002-ல் விடை சொன்னது. நியூட்ரினோக்கள் வரும் வழியில் வேறு வகையாக மாறிவிடுகின்றன. எல்லா வகையையும் கூட்டினால் கணக்கு சரியாக வந்தது. 2014-ல் இத்தாலியின் போரெக்ஸினோ கருவி, இணைவின் முதல் படியில் பிறக்கும் நியூட்ரினோக்களையே நேரடியாக அளந்தது. உள்ளே இப்போது உண்டாகும் ஆற்றலும் வெளியே வரும் ஒளியும் ஒத்துப்போயின. அதாவது சூரியன் உள்ளே தணிந்துவிடவில்லை.

"கெடுதல் இல்லை என்றால் தேனியில் ஏன் எதிர்ப்பு?"
– செண்பகத்தோப்பு அருகே நிலம் உள்ள விவசாயி

நியூட்ரினோ வேறு, அதைப் பிடிக்க மலையைக் குடைவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் குழப்பம்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் 50 ஆயிரம் டன் இரும்பில் ஒரு கருவி அமைக்க, 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது சூரிய நியூட்ரினோவுக்கானதும் அல்ல. விண்கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோவை ஆராய்வதற்கானது. அந்த வகையை 1965-லேயே கோலார் தங்கவயலில் நம் விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். ஆனால் கோலாரில் சுரங்கம் ஏற்கெனவே இருந்தது. பொட்டிப்புரத்தில் புதிதாகச் சுமார் இரண்டு கிலோமீட்டர் குடைய வேண்டும்.

கவலை அங்கேதான் இருக்கிறது. இத்தாலியில் போரெக்ஸினோ இருந்த கிரான் சாஸோ மலையில், நெடுஞ்சாலைக்காகக் குகை குடைந்தபோது மலைக்குள் இருந்த நீர்மட்டம் இறங்கியது. 2002-ல் கருவிக்கான ரசாயனம் கொஞ்சம் ஓடையில் கலந்ததால் வேலைகள் நிறுத்தப்பட்டன. இரண்டிலும் நியூட்ரினோவுக்குப் பங்கில்லை. பொட்டிப்புரம் கருவியில் அத்தகைய திரவம் இல்லை. ஆனால் பாறையும் ஊற்றும் அங்கேயும் உண்டு. புலிகள் நடமாடும் வழியும் ஆறுகளின் நீர்ப்பிடிப்பும் பாதிக்கப்படும் என்று சொல்லி, அனுமதிக்கக் கூடாது என 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. அந்தக் காடு பிடித்து வைக்கும் மழைதான் அடிவாரத்துக் கண்மாய்க்கும் கிணற்றுக்கும் வருகிறது. எனவே எந்த மலையில், எதற்காகக் குடைந்தாலும் விவசாயிகள் கேட்க வேண்டியவை இவை: ஊற்று ஓட்டத்தை முன்கூட்டியே அளந்தார்களா? எத்தனை டன் பாறை வெளியே வரும், எங்கே கொட்டுவார்கள்? வெடி எத்தனை மாதம் நடக்கும்? கிணறு வற்றினால் பொறுப்பு யார்? பதிலை எழுத்தில் வாங்கி, கிராம சபைக் கூட்டத்தில் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

பயிர் கருகும் என்று சொன்னால், அது தவறு என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். தண்ணீரைப் பற்றிய கேள்வியை அப்படித் தள்ள முடியாது.