கையின் வேலை

நாவற்குடாவிலிருந்து கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு புற்றுநோய்க்கு மருந்தேற்றப் போய்வரும் நோயாளி வீடு திரும்பும்போது கொண்டுவருவது களைப்பு, குமட்டல், தூக்கமின்மை. மார்பகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்ணுக்குக் கை வீக்கமும் சேரலாம். இவற்றுக்கு மாத்திரை மட்டும் போதாது; சிலவற்றுக்கு மசாஜும் உதவலாம்.

நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில் 1,290 நோயாளிகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், மசாஜுக்குப் பின் வலி, களைப்பு, பதற்றம் போன்ற உபாதைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் அதை முடிந்த முடிவாகக் கொள்ளமுடியாது. ஆனாலும், 2022இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் பங்கேற்று வெளியிட்ட வழிகாட்டி, நோய்த்தணிப்புப் பராமரிப்பில் வலிக்கு மசாஜைப் பரிந்துரைக்கலாம் என்றது.

மசாஜ் புற்றுநோயைக் குணமாக்காது. குணமாக்கும் என்று சொல்லிக் காசு வாங்குபவரை நம்பவேண்டாம்.

எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிடுவது நம் வீடுகளில் பழக்கம். இங்கேதான் எங்கள் அச்சம். இரத்தத் தட்டுகள் குறைந்திருந்தால் அழுத்தமே இரத்தக்கசிவை உண்டாக்கலாம். காலில் இரத்தக்கட்டி இருந்தால் உருவவே கூடாது. புற்றுநோய் எலும்புக்குப் பரவிய இடம், கதிர்வீச்சுப் பட்ட தோல், கட்டி உள்ள பகுதி ஆகியவற்றைத் தொடாமல் விடவேண்டும். கை வீக்கத்துக்கான நிணநீர் வடிப்பு தோலை மெல்ல நகர்த்தும் தனி நுட்பம். பயிற்சி பெற்ற இயன்மருத்துவரே செய்யவேண்டியது.

புற்றுநோய்ப் பிரிவில் சிகிச்சை பெறுவோரின் வீட்டார் ஒருவருக்காவது, பாதத்தையும் கையையும் எப்படித் தொடுவது, எப்போது தொடாதிருப்பது என்பதைத் தமிழில் செய்துகாட்டும் அரைமணி நேர வகுப்பைச் சுகாதாரத் துறை ஒழுங்குசெய்ய வேண்டும்.